வைர்யமும் வரேண்யமும்: இரு மூவடி மந்திரங்கள்

பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். சாமியிடம் வரம் கேட்கிறோம். சுயம்வர மண்டபத்தில் மாலையேந்தி நின்ற தமயந்தியைக் கதையில் சந்திக்கிறோம். வரன், வரம், சுயம்வரம் ஆகிய மூன்றுக்கும் வேர் ஒன்றே. ‘தேர்ந்துகொள்’ எனப் பொருள்படும் ‘வ்ரு’ என்னும் வடமொழி வினை அது. தேர்ந்துகொள்ளப்பட்டவன் வரன், தேர்ந்து கேட்கப்பட்டது வரம். இந்த வேரின் உடன்பிறப்பு, பழைய ஈரானிய மொழியான அவெஸ்தனில் ‘வர்’ என்ற வடிவில் வாழ்ந்தது. ஜரதுஷ்டிர சமயத்தாரின் தலையாய மந்திரத்துக்குப் பெயரும் அதிலிருந்தே கிடைத்தது.

அம்மந்திரம் அஹுன வைர்யம். பார்சிகள் அதை அஹுனவர் என்பர். ‘யதா அஹு வைர்யோ’ என அதன் தொடக்கத்தைச் சொல்லியும் குறிப்பர். அதற்கு எதிரே இக்கட்டுரை வைக்கும் இணை, ரிக் வேதத்தின் காயத்ரி. மூவடி மந்திரம், சமயத்துக்குள் நுழையும் குழந்தை கற்கும் மந்திரம், தன் வேதம் முழுவதற்கும் சாரமாகக் கொள்ளப்படும் மந்திரம் என்ற மேலோட்டமான ஒற்றுமைகளே இவ்விரண்டையும் ஒருங்கே நிறுத்தப் போதும். ஆனால் வியப்பு அவற்றுக்கும் அடியில் இருக்கிறது. அஹுன வைர்யத்தின் மூன்றாம் சொல் ‘வைர்யோ’. காயத்ரியின் மூன்றாம் சொல் ‘வரேண்யம்’. விகுதி சற்று வேறானாலும் வேரும் பொருளும் ஒன்று: இரண்டும் ‘தேர்ந்துகொள்ளத் தக்க’ என்பதையே சொல்கின்றன.

பெயர் வந்த வழி

பெயரிலிருந்து தொடங்கலாம். காயத்ரி என்பது முதலில் ஒரு யாப்பின் பெயர். எட்டு அட்சரம் கொண்ட அடி மூன்று வந்தால் அது காயத்ரி. ரிக் வேதத்தில் இந்த யாப்பில் அமைந்த பாடல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் ஒன்று மட்டும் காலப்போக்கில் யாப்பின் பெயரைத் தனக்கே உரிமையாக்கிக்கொண்டது. கூட்டத்தின் பெயர் ஒருவருக்கு உரியதாயிற்று.

அஹுன வைர்யத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. தன் இரண்டாம், மூன்றாம் சொற்களான ‘அஹு’, ‘வைர்யோ’ இரண்டையும் சேர்த்து அது பெயர் பெற்றது. அந்தப் பெயர் பின்னர் ஜரதுஷ்டிர வேதமான அவெஸ்தாவின் வழிபாட்டுப் பகுதி யஸ்னத்தின் 28 முதல் 34 வரையுள்ள ஏழு இயல்களுக்குப் பரவி, நூறு செய்யுள் கொண்ட அந்தத் தொகுதி ‘அஹுனவைதி காதா’ ஆயிற்று. இங்கே ஒருவரின் பெயர் குடும்பத்துக்கு வந்தது. அங்கே யாப்பு மந்திரத்துக்குப் பெயர் தந்தது; இங்கே மந்திரம் தன் யாப்பில் அமைந்த பாடல்களுக்கெல்லாம் பெயர் தந்தது.

இருக்கும் இடத்திலும் இதே எதிர்நிலை. அஹுன வைர்யம் யஸ்னத்தின் 27ஆம் இயலில், காதாக்களின் வாசலிலேயே நிற்கிறது. அதைக் கடந்துதான் ஜரதுஷ்டிரரின் பாடல்களுக்குள் போக வேண்டும். காயத்ரியோ மூன்றாம் மண்டலத்தின் கடைசிச் சூக்தத்தில், பதினெட்டுப் பாடல்களுக்கு நடுவே பத்தாவதாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் வேறு தெய்வங்களுக்குரிய மும்மூன்று பாடல்கள். இதுதான் நாளை வேத மாதாவாகப் போகிறது என்பதற்கு அச்சூக்தத்தில் எந்த அடையாளமும் இல்லை.

குறைந்த ஓர் அட்சரம்

ஒற்று நீக்கி எழுத்தெண்ணும் கட்டளைக் கலித்துறையை அறிந்த தமிழ் வாசகருக்கு இம்மந்திரங்களின் கணக்கு எளிதில் பிடிபடும். காயத்ரியின் அடிக்கு எட்டு, மூன்றடிக்கு 24. அஹுன வைர்யத்தின் அடிக்குப் பதினாறு, மூன்றடிக்கு 48. ஒன்று மற்றதன் சரியான இருமடங்கு. அவெஸ்தன் அடி ஏழும் ஒன்பதுமாக நடுவில் முறிகிறது. வேத அடி முறியாமல் ஓடுகிறது.

காயத்ரியை இன்று ஓதும் வழக்கில் எண்ணிப் பார்த்தால் 24 வராது, 23தான் வரும். முதலடியில் ஒன்று குறைகிறது. ‘வரேண்யம்’ என்பதை ‘வரேணியம்’ என்று விரித்தால் கணக்கு நிறைந்துவிடும். இயற்றப்பட்ட காலத்தில் அப்படித்தான் ஒலித்திருக்க வேண்டும் என்பது யாப்பாராய்ச்சி அறிஞர் முடிவு. இனி அஹுன வைர்யத்துக்கு வருவோம். அதன் முதலடியின் முற்பாதியில் ஏழு அட்சரம் வேண்டும். ஓதும் வழக்கில் ஆறுதான் கிடைக்கிறது. ‘வைர்யோ’ என்பதை ‘வைரியோ’ என்று விரித்தால் ஏழும் நிறையும்.

இரு மந்திரங்களிலும் குறை தோன்றுவது முதற்பகுதியில். அதற்குக் காரணமான சொல், இரண்டிலும் அப்பகுதியை முடித்துவைக்கும் மூன்றாம் சொல். அந்தச் சொல்லின் பொருள் இரண்டிலும் ஒன்றே. குறை தீரும் வழியும் ஒன்றே: மெய்யோடு ஒட்டிய யகரத்தை இகரம் கொடுத்து நெகிழ்த்துவது. இதை ஒருவர் மற்றவரைப் பார்த்துச் செய்ததாகக் கொள்ள இடமில்லை. ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்த இரு மொழிகள், பிரிந்த பின்னும் ஒரே பேச்சுப் பழக்கத்தை விடாமல் வைத்திருந்ததன் தடயம் இது.

தேர்ந்துகொள்வது எதை?

சொல் ஒன்றானாலும் அது பற்றிக்கொள்ளும் பொருள் வேறு. காயத்ரியில் தேரத்தக்கது கதிரவத் தெய்வமான சவிதாவின் ஒளி. அஹுன வைர்யத்தில் தேரத்தக்கவர் ஒரு தலைவர். காயத்ரி அந்த ஒளி தம் அறிவைத் தூண்ட வேண்டும் என்று வேண்டுகிறது. அஹுன வைர்யம் எதையும் வேண்டுவதில்லை. தலைவர் ஒருவர், அறத்தின் வழிநின்று அளவுகோலாகும் நெறியாளர் ஒருவர், நல்ல மனத்திலிருந்து பிறக்கும் செயல்கள், கடவுளான அஹுரனுக்குரிய ஆட்சி என ஒன்றோடொன்றைப் பொருத்திக்காட்டி, எளியவர்க்கு மேய்ப்பராக ஒருவர் அமர்த்தப்படுவதில் முடிகிறது. அதன் தொடரமைப்பைப் பிரிப்பதில் அறிஞர்கள் இன்றுவரை ஒத்துப்போனதில்லை. 21 சொற்களே கொண்ட செய்யுளுக்கு இத்தனை மொழிபெயர்ப்புகளா என வியக்கும் அளவுக்கு அவை பெருகிக்கிடக்கின்றன. மேய்ப்பரும் எளியவரும் மட்டும் பெரும்பாலும் எல்லாவற்றிலும் நிலைத்து நிற்கின்றனர்.

காயத்ரியில் ‘நாம்’ இருக்கிறோம். வேண்டுவோர் நாமே, தூண்டப்பட வேண்டிய அறிவும் நம்முடையதே. அஹுன வைர்யத்தில் நானும் இல்லை, நாமும் இல்லை. காயத்ரியில் சமூகம் இல்லை. ஏழையோ அரசோ அதன் கண்ணில் படவில்லை. அஹுன வைர்யத்தில் ஆட்சி வருகிறது, ஏழை வருகிறார். ஏழையைக் குறிக்கும் அதன் ‘த்ரிகு’ என்ற சொல்லே பின்னாளில் பாரசீகத்தில் ‘தர்வேஷ்’ என்று திரிந்ததாகப் பலர் கருதுகின்றனர். சூஃபித் துறவிகளைக் குறிக்க நாம் அறிந்த சொல்லின் மூதாதை, இஸ்லாத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்தைய ஒரு மந்திரத்தின் கடைசி அடியில் இருக்கிறது.

இன்னொரு வியப்பும் இங்கே உண்டு. நெருப்பை வணங்குவோர் என்று அயலார் அழைத்த சமயத்தின் தலைமை மந்திரத்தில் நெருப்பும் இல்லை, ஒளியும் இல்லை. ஒளியை முன்னிறுத்துவது காயத்ரிதான். அணையா நெருப்பின் முன் நின்று பார்சி குரு சொல்வது மனத்தையும் செயலையும் பற்றி. நீர்நிலையில் நின்று அந்தணர் சொல்வது ஒளியைப் பற்றி.

மனம் இரண்டுக்கும் பொது. காயத்ரியில் அது ‘தீ’ என்னும் எண்ணம்; அஹுன வைர்யத்தில் ‘மனோ’ என்னும் மனம், நம் ‘மனஸ்’ஸின் நேர் உறவு. ஆனால் காயத்ரி மனத்தைத் தூண்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது. தூண்டப்பட்ட மனம் என்ன செய்யும் என்று சொல்வதில்லை. அஹுன வைர்யம் மனம் நல்லதாக இருப்பதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டு, அதன் செயலைப் பற்றிப் பேசுகிறது.

தேவனும் தைவனும்

காயத்ரியின் ஒளி ‘தேவன்’ ஒருவனுடைய ஒளி. அஹுன வைர்யத்தின் ஆட்சி ‘அஹுரன்’ ஒருவனுடைய ஆட்சி. அஹுரன் என்பது வடமொழியின் அசுரன். தேவன் என்பது அவெஸ்தனில் ‘தைவ’. அங்கே அது பேயைக் குறிக்கும் வசைச்சொல். யஸ்னத்தின் ஒன்பதாம் இயல், ஜரதுஷ்டிரர் அஹுன வைர்யத்தை ஓதியதும் அதுவரை மனித உருவில் நிலத்தின் மேல் திரிந்த தைவர்கள் மண்ணுக்கடியில் ஓடி ஒளிந்தனர் என்கிறது. ஒரு மந்திரம் எந்தப் பெயரை வாழ்த்துகிறதோ, மற்றொரு மந்திரம் அந்தப் பெயரையே மண்ணுக்கடியில் விரட்டுகிறது.

இதைக் கொண்டு இரு சமயங்களும் பிறவிப் பகைவர் என்று முடிவுகட்டிவிடலாகாது. ரிக் வேதம் முதல் மண்டலத்தின் 35ஆம் சூக்தம் சவிதாவைப் பொற்கையுடைய அசுரன் என்றே போற்றுகிறது. காயத்ரியின் தெய்வம் ஒரு காலத்தில் அசுரன் என்ற பெயரையும் பெருமையோடு தாங்கியவர். அசுரர் தீயோராகவும் தைவர் பேயாகவும் ஆனது, ஒரே வீட்டில் இருந்தவர்கள் பாகம் பிரிந்தபின் நடந்த கதை. மந்திரங்களின் மூன்றாம் சொல் அந்தப் பாகப்பிரிவினைக்கு முந்தியது.

வேதத்தின் சுருக்கம்

சிறிய மந்திரம் பெரிய வேதத்தைத் தாங்குவதாகக் காட்ட, இரு மரபினரும் எண்ணிக்கையையே நாடினர். தேன்கர்த் என்ற பஹ்லவி நூல், அஹுன வைர்யத்தின் 21 சொற்களுக்கு ஈடாக அவெஸ்தாவின் 21 நூற்பகுதிகளைச் சொல்கிறது. மனு தர்மம், காயத்ரியின் மூன்று பாதங்களும் மூன்று வேதங்களிலிருந்து கறக்கப்பட்டவை என்கிறது. ஈரானியர் சொல்லை எண்ணினர்; வேதியர் அடியை எண்ணினர்.

உரை காண்பதிலும் இணை தெரிகிறது. யஸ்னத்தின் 19ஆம் இயல் முழுவதும் அஹுன வைர்யத்துக்கான உரைதான். வேதத்துக்குள்ளேயே வேதத்துக்கு உரை. வானத்துக்கு முன், நீருக்கு முன், நிலத்துக்கும் நெருப்புக்கும் முன் நீ சொன்ன சொல் எது என்று ஜரதுஷ்டிரர் கேட்க, அது இம்மந்திரமே என்று அஹுர மஸ்தா விடை சொல்கிறார். இதில் பாதியையோ மூன்றிலொன்றையோ நான்கிலொன்றையோ ஐந்திலொன்றையோ விட்டுவிடுபவனின் ஆன்மா விண்ணுலகிலிருந்து விலக்கப்படும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. காயத்ரிக்கு இப்பணியைச் செய்வன சாந்தோக்கியம், பிருகதாரண்யகம் என்னும் உபநிடதங்கள். ஆனால் அவற்றின் போக்கு வேறு. பிருகதாரண்யகம் மூன்று பாதங்களை உலகங்களோடும் வேதங்களோடும் உயிர்ப்போடும் பொருத்திவிட்டு, நான்காம் பாதம் ஒன்றையும் சேர்க்கிறது. அவெஸ்தா உரைகாரரின் கவலை மந்திரத்தில் ஒன்றும் குறையக் கூடாது என்பது. உபநிடத உரைகாரரின் ஆவல் அதில் இன்னும் ஒன்று கூட வேண்டும் என்பது.

அதே 19ஆம் இயல், இம்மந்திரத்துக்குள் குரு, தேர்வீரர், கால்நடை வளர்க்கும் உழவர், கைவினைஞர் என நான்கு தொழில் வகுப்பாரையும் காண்கிறது. ஒரே மந்திரம் நால்வரையும் அடக்குகிறது. கிருஹ்ய சூத்திரங்கள் சிலவற்றிலோ, அந்தணச் சிறுவனுக்குக் காயத்ரி, அரச மரபினனுக்குத் திரிஷ்டுப், வணிகனுக்கு ஜகதி என யாப்பு பிரிந்து நிற்கிறது. வகுப்புப் பிரிவினை இரு இடத்திலும் இருந்தது. ஒன்று அதை மந்திரத்துக்குள் வைத்தது. மற்றது மந்திரத்தையே அதன்படி பிரித்தது.

சொல்லே படைக்கலம்

வேண்டுதலாகவும் வரையறையாகவும் பிறந்த இரு செய்யுள்களும் பின்னாளில் ஆயுதங்கள் ஆயின. புந்தஹிஷ்ன் என்ற பஹ்லவி நூல் சொல்லும் படைப்புக் கதையில், தீமையின் தலைவனான அஹ்ரிமனை எதிர்கொண்ட ஓர்மஸ்த், அதாவது அஹுர மஸ்தா, அஹுன வைர்யத்தை ஓதுகிறார். மூன்றில் ஒரு பங்கு ஓதியதும் அஹ்ரிமன் அஞ்சி உடலைக் குறுக்குகிறான். இரண்டு பங்கு ஓதியதும் முழந்தாளிடுகிறான். முழுதும் முடிந்ததும் மயங்கி இருளில் விழுந்து, மூவாயிரம் ஆண்டு எழாமல் கிடக்கிறான்.

காயத்ரியின் போர் விஷ்ணு புராணத்தில் நடக்கிறது. மந்தேகர் என்னும் அரக்கர், சந்தி வேளையில் கதிரவனை விழுங்கவருகின்றனர். ஓங்காரத்தோடும் காயத்ரியோடும் அந்தணர் விடும் நீர், வச்சிரமாகி அவர்களை எரிக்கிறது. கதிரவன் தப்பிக்கிறான்.

இரு கதைகளிலும் எதிரி இருள். இரண்டிலும் வெல்வது சொல். காலக் கணக்குதான் வேறு. ஓர்மஸ்தின் வெற்றி ஒரே முறை நிகழ்ந்து மூவாயிரம் ஆண்டுக்கு நின்றது. உலக வரலாற்றுக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு என்று நம்பிய சமயத்துக்கு அது பொருந்தும். மந்தேகரோ நேற்று எரிந்து இன்று மீண்டும் வருவர். ஊழிகள் சுழலும் என்று நம்பிய மரபில் போரும் நாள்தோறும் சுழல்கிறது. அதனால்தான் அங்கே கடவுள் ஓதினார்; இங்கே மனிதர் அன்றாடம் ஓத வேண்டியிருக்கிறது. பார்சிகளும் அன்றாடம் ஓதுகின்றனர் என்பது உண்மையே. ஆனால் அவர்கள் தம் கடவுள் அன்று வென்ற வெற்றியைத் தமதாக்கிக்கொள்கின்றனர்.

நூலும் நுழைவும்

ஏழெட்டு வயதில் குழந்தைக்கு நூல் ஏறுகிறது. பார்சிகளின் நவ்ஜோத் சடங்கில், யஸ்னத்தின் 72 இயல்களைக் குறிக்கும் 72 இழைகளால் நெய்த கஸ்தி என்னும் கயிறு இடுப்பில் மும்முறை சுற்றிவருகிறது. உபநயனத்தில் முப்புரி நூல் தோளில் ஏறுகிறது. கஸ்தி கட்டும்போது அஹுன வைர்யம் ஓதப்படும். பூணூல் அணிந்தவனுக்குக் காயத்ரி உபதேசிக்கப்படும்.

நவ்ஜோத்தில் மந்திரம் உரக்க, அவையறிய ஒலிக்கிறது. உபநயனத்தில் பட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு தந்தை மகன் காதில் மெல்லச் சொல்கிறார். பார்சிகள் ஆண் பெண் இருபாலாருக்கும் நூலும் மந்திரமும் தருவர். ஆனால் இந்தியப் பார்சிகளின் வழக்கம் பிற சமயத்தில் பிறந்தவரைச் சேர்த்துக்கொள்வதில்லை. காயத்ரியோ நெடுங்காலம் மேல்மூன்று வருணத்து ஆண்களுக்கு மட்டும் என்று அடைக்கப்பட்டிருந்தது. இன்று ஒலிநாடாவிலும் அலைபேசியிலும் யார் வேண்டுமானாலும் கேட்கக் கிடைக்கிறது. திறந்து ஓதப்பட்ட மந்திரம் சிறு சமூகத்துக்குள் நின்றது. காதோடு சொன்ன மந்திரம் தெருவுக்கு வந்தது. இரண்டும் ஒலிக்கும் நகரங்களில் சென்னையும் ஒன்று: இராயபுரத்தில் 1910இல் எழுந்த பார்சி அக்னி ஆலயம் இன்றும் இருக்கிறது.

மூலம் ஒன்றா?

இவ்வளவு இணையும் கண்டபின், ஒன்று மற்றதைப் பார்த்து எழுந்ததா என்ற கேள்வி தானே வரும். காயத்ரிக்கு விசுவாமித்திரர் முனிவராகக் குறிக்கப்படுகிறார். அதே மண்டலத்தின் 33ஆம் சூக்தத்தில் அவர் பியாஸும் சட்லஜும் கூடும் இடத்தில் நின்று ஆறுகளோடு பேசுகிறார்; அவர் நிலம் பஞ்சாப். ஜரதுஷ்டிரரின் காதாக்களில் ஓர் ஊர்ப் பெயரோ ஆற்றுப் பெயரோ கிடையாது. மொழியையும் பிற்கால அவெஸ்தாவின் நிலப்பெயர்களையும் கொண்டு கிழக்கு ஈரானும் நடு ஆசியாவும் அவர் நிலம் என ஊகிக்கின்றனர். இரண்டையும் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் பிற்பகுதியில் வைப்போர் பலர். காதாக்களின் காலம் குறித்த வழக்கு இன்னும் தீரவில்லை. காயத்ரியை வேதியர் பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை முன்பின்னாக மாற்றி ஓதும் பயிற்சியால் வாயிலேயே காத்தனர். அஹுன வைர்யமும் நெடுங்காலம் வாயிலேயே வாழ்ந்தது. பின் ஈரானை ஆண்ட சசானியர் காலத்தில் ஒவ்வோர் ஒலிச்சாயலுக்கும் ஓர் எழுத்து என்று புதிதாக வரிவடிவம் செய்து அதில் ஏற்றினர்.

ஆகவே, மூல மந்திரம் ஒன்று இருந்தது, அது இரண்டாகப் பிரிந்தது என்று சொல்லச் சான்றில்லை. ஒரே மூலத்திலிருந்து வந்தது மந்திரமல்ல. மந்திரம் செய்யும் முறை. தெய்வத்தை அணுகுவதைத் தேர்தலாகவே நினைக்கும் பழக்கம் இரு மக்களுக்கும் பொதுச் சொத்து. காதாக்களில் இரு ஆவிகளும் நன்மை தீமைகளுக்கிடையே தேர்கின்றன. ஜரதுஷ்டிரச் சமய உறுதிமொழியின் பெயரான ‘ஃப்ரவரானே’ என்பதே ‘நான் தேர்ந்துகொள்கிறேன்’ என்ற வினைதான். ரிக் வேதத்தின் ஐந்தாம் மண்டலத்தில் 82ஆம் சூக்தம் காயத்ரியைப் போலவே தொடங்கி, வரேண்யம் நிற்க வேண்டிய அதே இடத்தில் ‘தேர்ந்துகொள்கிறோம்’ என்று அதே வேரின் வினையை நேரடியாகவே வைக்கிறது.

காயத்ரியின் வினைமுற்றான ‘தீமஹி’யை மரபுரை ‘தியானிக்கிறோம்’ என்று கொள்கிறது. மொழியியலார் பலர் அதை ‘எமதாக்கிக்கொள்வோமாக’ என்று பிரிக்கின்றனர். பாரதியார் பாஞ்சாலி சபதத்தின் மாலை வருணனையில் காயத்ரியைத் தமிழாக்கியபோது அந்த இடத்தில் இட்ட சொல் ‘தேர்கின்றோம்’. ஆராய்தல், தெளிதல், தெரிந்தெடுத்தல் எல்லாம் தமிழில் ‘தேர்தல்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கும். அவர் அஹுன வைர்யத்தை மனத்தில் வைத்து அதை எழுதினார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்தத் தமிழ்ச் சொல் இரு மந்திரங்களுக்கும் பொருந்துகிறது. காயத்ரியில் தேர்தல் ஒளியைப் பற்றியது, அதன் பயன் தெளிந்த அறிவு. அஹுன வைர்யத்தில் தேர்தல் தலைவனைப் பற்றியது, அதன் பயன் ஏழைக்குக் காவல். ஒப்பிட்டு உயர்வு தாழ்வு சொல்ல இங்கே ஏதுமில்லை. அறிவைக் கேட்ட மந்திரம் அந்த அறிவால் யாருக்குப் பயன் என்று சொல்லாமல் விட்டது. பயனைச் சொன்ன மந்திரம் அறிவைக் கேட்காமல் விட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கே அந்த இரு இடைவெளிகளும் தெரியும்.